குளிரைத் தேடி வந்தோரும் குளிரில் வாழ்ந்தோரும்: இறம்பொடைப் பாதையும் நுவரெலியா விடுமுறைப் பருவமும்

நுவரெலியாப் பிரதேசத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு வேறு வரலாறுகளையே எழுதியுள்ளனர். ஒன்று, விடுமுறைத் தலத்தின் வரலாறு. தேசாதிபதிகளின் மாளிகைகள், விருந்தினர் விடுதிகள், குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், ஏரி, பூங்கா ஆகியன இதில் இடம்பெறுவன. மற்றையது பெருந்தோட்டத்தின் வரலாறு. கோப்பி, தேயிலை, கங்காணி, லயம், துண்டு, பிரட்டு என்பன இதன் சொற்கள். முதலாவதில் தொழிலாளி இல்லை. இரண்டாவதில் விருந்தினன் இல்லை. ஆயினும் இவ்விரு வரலாறுகளும் ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரே பாதையின்மீது நிகழ்ந்தவை. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக ஏறி இறம்பொடைக் கணவாயைக் கடந்து செல்வதே அப்பாதை. அப்பாதையை ஆதாரமாகக் கொண்டு இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குளிர் விலைப்பொருளாதல்

மலைக்கும் பனிக்கும் விடுமுறை கழிக்கச் செல்லுதல் மனிதகுலத்தின் பழைய வழக்கமன்று. ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்குப் பனிக்காலம் அடைபட்டுக் கிடக்கும் காலமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கு சென்ற ஆங்கிலேயர் கோடையிலே சென்று கோடையிலே திரும்பினர். சுவிற்சர்லாந்தின் சென். மொறிற்ஸ் என்னும் ஊரில் விடுதி நடத்திய யோகன்னஸ் பட்றுட் 1864ஆம் ஆண்டிலே தம் ஆங்கில விருந்தினரைப் பனிக்காலத்தையும் அங்கேயே கழிக்குமாறு அழைத்ததிலிருந்து பனிக்கால விடுமுறையின் கதையைத் தொடங்குதல் மரபு. நோர்வே நாட்டுக் குடியானவர்கள் பனிமீது நடமாடுவதற்குப் பயன்படுத்திய சறுக்குக்கட்டை அதன்பின்னரே அல்ப்ஸுக்கு விளையாட்டுக் கருவியாக வந்துசேர்ந்தது. துப்பறியும் கதைகளால் அறியப்பட்ட ஆர்தர் கொனன் டொயில் 1894இல் டாவோசிலிருந்து அறோசாவுக்குச் சறுக்கிச் சென்றமை இவ்விளையாட்டை ஆங்கிலேய வாசகரிடையே பரப்பியது. 1924இல் சமோனியில் பனிக்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. 1934இல் டாவோசில் சறுக்குவோரை இயந்திரத்தால் மேலே இழுத்துச் செல்லும் கம்பிவடம் அமைக்கப்பட்டது.

இவ்வளர்ச்சியின் விளைவாக, குளிர் என்னும் இயற்கை நிலை பணங்கொடுத்துப் பெறும் பண்டமாயிற்று. அதை நாடுவோர் மூன்று வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணவேண்டியவராயினர். எங்கே, எப்பருவத்திற் செல்வது? போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் எவ்வளவு செலவாகும்? எவ்வகை உடையும் கருவிகளும் தேவை, அவற்றுள் எவற்றைக் கொண்டுசெல்வது, எவற்றை அங்கே வாடகைக்குப் பெறுவது? இன்றும் பனிச்சறுக்கலுக்குச் செல்வோர் ஆராய்வன இம்மூன்றையுமே.

குடியேற்ற நாடுகளில் இம்முயற்சி வேறொரு வடிவம் பெற்றது. வெப்பத்திலும் காய்ச்சலிலும் துன்புற்ற ஆங்கிலேயருக்கு மலையின் குளிர் தாயகத்தின் நினைவாகவும் மருந்தாகவும் அமைந்தது. நீலகிரியில் ஜோன் சலிவன் 1820களில் உதகமண்டலத்துக்கு அடிகோலினார். அமெரிக்க மிஷனரிமார் 1845இல் கொடைக்கானலிற் குடில்கள் அமைத்தனர். சிம்லா 1864இல் இந்திய அரசின் கோடைத் தலைநகராயிற்று. பனி பொழியும் காஷ்மீரத்தின் குல்மார்க்கில் 1927இல் ஆங்கிலேய இராணுவ அலுவலர் இந்தியப் பனிச்சறுக்கற் கழகத்தை நிறுவினர். இலங்கையிலே பனி பொழிவதில்லை. தை, மாசி மாதங்களின் சில விடியல்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படிவதே இந்நாடு காணக்கூடிய கடுங்குளிராகும். ஆயினும் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள இச்சமவெளி அதே வகையான விடுமுறைத் தலமாக உருப்பெற்றது.

2. பாதையும் அதன் சுமையும்

ஆங்கில மருத்துவரான ஜோன் டேவி 1819ஆம் ஆண்டளவில் இச்சமவெளியைக் கண்டு எழுதியவர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் இங்கே தமக்கெனப் பெருமனை ஒன்று எழுப்பியதோடு, நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்கான ஆரோக்கிய நிலையமொன்றையும் 1829இல் ஏற்படுத்தினார். நுவரெலியா முதலில் மருத்துவத் தலமாகவும் பின்னரே உல்லாசத் தலமாகவும் விளங்கியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆரோக்கிய நிலையத்துக்குப் பாதை வேண்டும். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஆகிய இடங்களினூடாகச் செல்லும் வழி இத்தேவையின் பயனாகவே முக்கியத்துவம் பெற்றது. கண்டிப் பகுதிப் பாதைகள் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய உழைப்பினாலும், 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்ட பின்னர் கூலி உழைப்பினாலும் அமைக்கப்பட்டவை. தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோரை உள்ளடக்கிய பயனியர் தொழிற்படை பிற்கூறிய கட்டத்திற் பெரும்பங்கு வகித்தது. ஆகவே மலையகத்திற் தமிழரின் உழைப்பைக் கோப்பித் தோட்டத்திலிருந்து மட்டும் கணக்கிடத் தொடங்குதல் முழுமையாகாது. தோட்டத்துக்குச் செல்லும் பாதையிலேயே அது தொடங்கிவிட்டது.

இறம்பொடை ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நுவரெலியா ஏறத்தாழ 15 மைல். இத்தூரத்தினுள் பாதை மேலும் 1,000 மீற்றரளவு உயர்ந்து கணவாயைக் கடக்கவேண்டும். இவ்வேற்றம் பயணிக்கு எத்தகைய சோதனையாயிருந்தது என்பதற்குச் சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூல் சான்று தருகின்றது. காய்ச்சலிலிருந்து உடல் தேறுவதற்கு நுவரெலியா வந்த இவர், அதன் குளிரால் கவரப்பட்டு, இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் கால்நடைகளையும் வேளாண் கருவிகளையும் 1848இல் தருவித்தார். அவருடைய குதிரைக்காரன் மதுமயக்கத்தில் வண்டியை மலைச்சரிவிலே கவிழ்த்தான். அவ்வண்டியை மீட்பதற்கு அனுப்பப்பட்ட யானையையும் அவனே கணவாயின் ஏற்றத்தில் விரைந்து ஓட்ட, அது களைத்து இறந்தது. பேக்கர் இதனை நகைச்சுவை ததும்ப எழுதியுள்ளார். படிப்போரும் நகைப்பர். ஆனால் வண்டியாலும் யானையாலும் ஏற்ற முடியாதவற்றை யார் ஏற்றினர் என்னும் வினா அந்நகைப்பின் அடியிலே எஞ்சிநிற்கின்றது. அரிசியும் மரமும் மதுவும் பெட்டிகளும் மாட்டுவண்டிகளிலும், வண்டி செல்லாவிடத்து மனிதரின் தலையிலும் தோளிலுமே ஏறின.

3. பயணத் திட்டமும் செலவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு விடுமுறை செல்வதென்பது ஒரு சிறு படையெடுப்புக்கு ஒப்பான ஏற்பாடாகும். 1832 முதல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடியது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1873இல் அது கம்பளையை எட்டியது. ஆயினும் கம்பளைக்கு அப்பால் வண்டி, குதிரை அல்லது கால்நடை என்பனவே வழி. ஒரே நாளில் இவ்வேற்றத்தை முடிக்க இயலாதோர் புசல்லாவையிலோ இறம்பொடையிலோ இருந்த அரச தங்குமடங்களில் இராத் தங்கினர். ஆகவே செலவுக் கணக்கில் வண்டிக்கூலி, மாற்றுக் குதிரை, தங்குமடக் கட்டணம், முன்கூட்டியே அனுப்பப்படும் ஏவலாளர், சமையற்காரர், சுமைகாரர் ஆகியோரின் கூலி என்பன இடம்பெற்றன. கம்பளிக் காலுறை, தடித்த மேலங்கி, கணப்பருகில் அணியும் உடை, மழைக்காப்பு, குதிரைச்சேணம், துப்பாக்கி, தூண்டில் என்பன பொதியில் அடங்கின.

1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்ததும் நிலைமை மாறியது. கணவாய்ப் பாதையில் ஏறாமலே நுவரெலியாவின் வாயிலுக்கு வந்துசேர முடிந்தது. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒடுங்கிய இருப்புப்பாதை திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் இராகலை வரை நீண்டது. இறம்பொடை சிலகாலம் விருந்தினரின் கண்ணிலிருந்து மறைந்தது. பின்னர் மோட்டார் வண்டி பரவியபோது, அது மீண்டும் பயணிகளின் பாதையாயிற்று.

தங்குமிடங்களும் விளையாட்டிடங்களும் இதே காலப்பகுதியிலேதான் ஒழுங்குபெற்றன. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் ஏரி அமைக்கப்பட்டது. 1876இல் ஹில் கிளப் தோன்றியது. 1889இல் கோல்ஃப் கழகமும், அதனையடுத்துப் பார்ன்ஸின் மனையை உள்ளடக்கிய கிறான்ட் ஹோட்டலும் ஏற்பட்டன. 1897இல் விக்ரோறியாப் பூங்கா அமைந்தது. இவற்றின் கால ஒற்றுமை தற்செயலானதன்று. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்த காலம் இது. விடுமுறைத் தலத்தின் வாடிக்கையாளரிற் பெரும்பகுதியினர் தோட்டத்துரைமாரும், தேயிலை வணிகரும், தோட்டப் பொருளாதாரத்தின் வருவாயில் இயங்கிய அரசின் உயர் அலுவலருமே. தேயிலையின் இலாபம் விடுதியின் கட்டணமாகத் திரும்பியது எனலாம்.

4. கம்பளி: இருவகைக் கணக்கு

இதே மலைக்கு இதே நூற்றாண்டில் வந்த மற்றையோரின் பயணத்தையும் அதே மூன்று வினாக்களைக் கொண்டு நோக்குவோம்.

அவர்கள் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டனர். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, வடபாதை வழியே காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தனர். அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தனர். புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலைப் பகுதிகளுக்கு வந்தோர் இக்கணவாய்ப் பாதையிலே ஏறினர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிற் பலரைக் கொண்டன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் புகையிரத இணைப்பும் ஏற்பட்டன.

செலவையும் அவர்களே ஏற்றனர். கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்சோறு, தோணிக்கூலி ஆகியன கடனாகப் பதியப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமெனின், கடன் தொகையைக் குறித்த துண்டு வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்த, தொழிலாளி கடனோடு கைமாறினான். 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை, மலைக்கு வந்த பயணச்செலவு ஒரு வாழ்நாளுக்கும் நீளக்கூடிய கடனாக இருந்தது.

உடைமை எனக் கூறத்தக்கது கம்பளி. வெயில் காயும் சமவெளியிலிருந்து வந்தோருக்கு மலையின் மழையும் குளிரும் புதியவை. நுரையீரற் சன்னியும் வயிற்றுளைவும் புதிதாக வந்தோரிடையே மிகுந்திருந்தன. தோட்ட நிருவாகம் கம்பளியை வழங்கியது; அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. இரவிற் போர்வையாகவும், பகலில் மழைக்குத் தலையிலிட்ட கொங்காணியாகவும் அக்கம்பளியே பயன்பட்டது. இடுப்பிற் சுற்றிய படங்குச் சாக்கு மற்றைய கவசம். விருந்தினனின் பொதியிலும் கம்பளி இருந்தது. தொழிலாளியின் தோளிலும் கம்பளி இருந்தது. முன்னையது குளிரை இனிமையாக்குவதற்கு. பின்னையது மறுநாட் காலைப் பிரட்டுக்கு உயிரோடு செல்வதற்கு.

கூலியின் அளவும் இங்கு குறிக்கத்தக்கது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. அதன்படி 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்களுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. தாழ்நாட்டில் இவை முறையே 50, 40, 30 சதம். குளிருக்கும் உயரத்துக்குமான விலை ஆணுக்கு 4 சதமும், பெண்ணுக்கு 3 சதமும், பிள்ளைக்கு 2 சதமுமாக இவ்வேறுபாட்டில் அமைந்தது எனலாம். விடுதிகளிற் குளிருக்குக் கட்டணம் செலுத்தப்பட்ட அதே ஊரில், குளிரைத் தாங்கியமைக்குச் சட்டம் நிர்ணயித்த விலை இதுவாகும்.

5. இரு பருவங்கள்

‘பருவம்’ என்னும் சொல்லை நுவரெலியாவிற் கேட்போர் சித்திரை மாதத்தையே கருதுவர். சமவெளியில் வெப்பம் உச்சமடையும் அம்மாதத்திற் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நடனம், விருந்து என்பன நிகழும். 1934 முதல் மகாகஸ்தொட்டை மலையேற்ற மோட்டார்ப் போட்டியும் இவற்றுடன் சேர்ந்துகொண்டது.

தோட்டத்துக்கும் ஒரு பருவம் உண்டு. கோப்பிக் காலத்திற் பழம் பறிக்கும் மாதங்களுக்கே பெருந்தொகையினர் தேவைப்பட்டனர். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். அக்காலத்தில் விருந்தினனும் தொழிலாளியும் ஆகிய இருவருமே மலையிற் பருவகால வருகையாளரே. தேயிலை இதனை மாற்றியது. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டியிருந்தமையாற் தொழிலாளி குடும்பத்தோடு லயத்தில் நிலைகொண்டான். விருந்தினன் மட்டும் பருவத்தோடு வந்து பருவத்தோடு சென்றான். அதுமட்டுமன்றி, மாசி பங்குனியின் வறட்சிக்குப்பின் முதல் மழையைப் பெற்றுத் தேயிலை மிகுதியாகக் கொழுந்து விடுவது சித்திரை வைகாசியிலேயே. எனவே நகரிற் களிப்பு உச்சமடையும் வேளையில், அதனைச் சூழ்ந்த மலைகளில் உழைப்பும் உச்சமடைகின்றது. பந்தயத் திடலின் ஆரவாரமும் மலையிற் கொழுந்துக்கூடை நிறைவதும் ஒரே பருவத்தின் இரு முகங்களாம்.

இந்நிலை நுவரெலியாவுக்கு மட்டும் உரியதன்று. அல்ப்ஸிற் பனிக்கால விருந்தினரின் பொதிகளைச் சுமந்தோரும் சறுக்குப் பழக்கியோரும் மலைக்கிராமத்து வறிய உழவரே. குல்மார்க்கில் விருந்தினரைப் பனிமீது சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துச் செல்வோர் காஷ்மீரத்து ஏழைகளே. ஆனால் சுவிஸ் உழவன் காலப்போக்கில் விடுதியுரிமையாளனாகவும் வழிகாட்டியாகவும் மாற முடிந்தது. அவனுக்கு நிலமும் வாக்குரிமையும் இருந்தன. மலையகத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் இல்லாமற் செய்யப்பட்டமையே வேறுபாட்டின் அடிப்படையாகும்.

6. ஒரு குளிரிலிருந்து மற்றொரு குளிருக்கு

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. அதே காலத்தில் விடுமுறைப் பருவம் ஓரளவு மக்கள்மயமாகியது. ஹில் கிளப் போன்ற இடங்கள் சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் இலங்கையருக்கு மூடியே இருந்தனவெனினும், புகையிரத ஆணைச்சீட்டுப் பெற்ற அரசாங்க ஊழியர், திணைக்கள விடுமுறை இல்லங்களிற் குடும்பத்தோடு வந்து தங்கலாயினர். வானம்பார்த்த சமவெளியின் எழுதுவினைஞனுக்கும் ஒரு வாரக் குளிர் எட்டிய கனியாயிற்று. இம்முன்னேற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயின் லயத்தில் வாழ்ந்தவன் இதிற் பங்காளியாகவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1970களின் முற்பகுதியிலே தோட்டங்கள் அரசுடைமையாகிய காலத்தில், 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினிக்குள் ஆழ்த்தியது. பலர் மாண்டனர். திரும்பிச் சென்றோரிற் கணிசமானோர் வந்துசேர்ந்த இடம் நீலகிரி. அவர்களுக்கு மறுவாழ்வளிக்கத் தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகியது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் ஆகிய பகுதிகளில் அவர்கள் மீண்டும் தேயிலை நட்டனர். ஆங்கிலேயர் ஓய்வுக்கெனக் கண்ட ஒரு மலைவாசத்தலத்தின் சரிவிலிருந்து பெயர்க்கப்பட்டோர், அவர்களே ஓய்வுக்கெனக் கண்ட மற்றொரு மலைவாசத்தலத்தின் சரிவிலே குடியேறினர். இரண்டிடத்திலும் குளிர் அவர்களுக்கு வேலைத்தலத்தின் நிலைமையாகவே இருந்தது.

7. முடிவுரை

இன்று இறம்பொடை தானே ஒரு விடுமுறைத் தலம். 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அதன் நீர்வீழ்ச்சியை எதிர்நோக்கி விடுதிகள் எழுந்துள்ளன. வேவண்டன் மலையில் அமைந்த ஆஞ்சநேயர் கோயில் இராமாயணத் தலங்களைத் தேடி வருவோரை ஈர்க்கின்றது. 2008இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை பயணத்தை எளிதாக்கியது. பயணத்தைத் திட்டமிடுவோர் இன்றும் பருவம், செலவு, உடை என்னும் மூன்றையே ஆராய்கின்றனர். நீர்வீழ்ச்சிக்கு மேலும் கீழும் பரந்துள்ள தேயிலையும் அதனிடையே நிற்கும் லயங்களும் அவர்களுக்குக் காட்சியின் பகுதியாகின்றன. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டமை நெடிய போராட்டத்தின் பயன். அத்தொகையோடு அவ்விடுதிகளின் ஓர் இரவுக் கட்டணத்தை ஒப்புநோக்குவது வாசகருக்குக் கடினமான காரியமன்று.

விடுமுறை கொள்ளுதல் குற்றமென இக்கட்டுரை கூறவில்லை. ஓய்வு மனித உரிமைகளுள் ஒன்று. அது சிலருக்கே உரிய சலுகையாயிருந்தமையே வரலாற்றின் குறை. அக்குறையை நீக்குவதற்கு முதலிற் செய்யவேண்டியது, பிரிந்து கிடக்கும் இருவகை ஏடுகளையும் ஒருசேர வைத்து வாசிப்பதாகும். விடுதிகளின் வருகைப் பதிவேடுகளும், கழகங்களின் கூட்டக் குறிப்புகளும் ஒருபுறம். தோட்டத்துச் செக்றோல்களும், கம்பளிக் கடன் குறித்த பற்றேடுகளும், முதியோரின் வாய்மொழியும் மறுபுறம். முன்னையவை பேணப்படுகின்றன, பின்னையவை தோட்ட அலுவலகங்களிற் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகி வருகின்றன. வடபாதையில் நடந்தோரின் கதையைப் பாட்டன் வாயிலாகக் கேட்ட தலைமுறையும் அருகி வருகின்றது. பல்கலைக்கழகங்களிற் பயிலும் மலையக மாணவர் தத்தம் தோட்டத்து ஏடுகளையும் முதியோரையும் நாடி இப்பணியை மேற்கொள்வராயின், இறம்பொடைப் பாதையில் ஏறியோர் அனைவரும் வரலாற்றில் இடம்பெறுவர்.